ஓதம் காத்த கூடத்துச் சுவர்: நாகப்பட்டினத்துப் பழைய வீடொன்றில் செய்த பழுதுபார்ப்பின் நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினத்தின் பழைய தெரு ஒன்றில், செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொண்டு கட்டிய ஓட்டு வீடு அது. அதன் கூடத்தில் மேற்குச் சுவர் தரையிலிருந்து நான்கடி உயரம் வரை ஓதம் காத்து, அதாவது ஈரம் ஊறி, பெயிண்ட் கொப்பளித்து, கை பட்டால் பட்டியும் பூச்சும் மாவாகக் கொட்டும் நிலையில் இருந்தது. வீட்டில் வசிப்பவர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதியர். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு முன்னால் பெயிண்டரை வரவழைத்து, உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டிங்கும் எமல்ஷன் இரண்டு கோட்டிங்கும் அடித்துவிடுவது அவர்கள் வழக்கம். அடித்த வண்ணம் அடுத்த மழைக்காலம் வரை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும்போது, அதே இடத்தில் அதே உயரத்தில் மறுபடியும் உப்பு பூக்கும்.

இந்த முறை பெயிண்டரை அழைப்பதற்கு முன் சுவரைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். பார்த்த பின் எடுத்த முடிவு, வேலையில் பெரும்பகுதியை வீட்டாரே செய்துகொள்வது, கொத்தனாரையும் மின்பணியாளரையும் தேவையான இடத்தில் மட்டும் அழைப்பது என்பது. தை மாதம் தொடங்கி அடுத்த தை வரை நீண்ட அந்த வேலையில், மட்டையோ தூரிகையோ பிடித்த நேரம் மிகக் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வண்ணம் அடிப்பதை மட்டும் எதிர்பார்த்துத் தொடங்குகிறவர்கள் பாதியில் சலித்துப்போகக் கூடிய வேலை இது.

சுவர் கடந்து வந்த நிலைகள்

வீட்டார் நினைவிலிருந்து திரட்டிய வரலாறு சோதனைகளைவிட அதிகம் சொன்னது. சுவர் ஏறத்தாழ 14 அங்குலக் கனம் உடையது. தொடக்கத்தில் அதன் மேல் இருந்தது சுண்ணாம்புப் பூச்சும் ஆண்டுதோறும் அடித்த வெள்ளையும் மட்டுமே. அக்காலத்தில் சுவரின் அடிப்பகுதி மழைக்காலத்தில் கறுத்தாலும் கோடையில் தானே வெளுத்துவிடும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். பின்னர் ஒரு தலைமுறைக்கு முன், உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு பூசப்பட்டது. அதன் மேல் பட்டியும் எமல்ஷனும் ஏறின. கடைசியாக, கடையில் பரிந்துரைத்த நீர்த்தடுப்புப் பூச்சொன்று உட்புறத்தில் அடிக்கப்பட்டது. அதற்குப் பின்தான் மூன்றடியில் நின்ற ஈரக்கோடு நான்கடிக்கு ஏறியிருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியில் வியப்பு எதுவும் இல்லை. செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மேலேறிக்கொண்டே இருக்கும். ஏறும் நீரும் சுவரின் முகத்திலிருந்து ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நிற்கும். முகத்தை அடைத்துவிட்டால் ஆவியாவதற்கு வழியில்லாத நீர், அடைப்பு முடிந்து திறந்த சுவர் தொடங்கும் இடம் தேடி மேலே போகும். உட்சுவரில் டைல்ஸ் ஒட்டி ஓதத்தை மறைத்த வீடுகளில் டைல்ஸின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே புதிய கறை தோன்றுவதும் இதனால்தான். அந்தப் பூச்சை விற்றவரைக் குறை சொல்வதைவிட, நீர் வரும் பக்கத்தை விட்டு நீர் வெளியேறும் பக்கத்தை அடைக்கும் பழக்கத்தையே குறை சொல்வது பொருத்தம்.

வெளிப்புறத்திலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. மேற்குச் சுவரை ஒட்டிய சந்தில் முன்பு வெறும் மண் தரை இருந்தது. சேறாகிறது என்பதற்காக அதன் மேல் சிமெண்ட் தளம் போடப்பட்டது. தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போடப்பட்டு மட்டம் உயர்ந்ததால், சந்துத் தளத்தையும் மறுபடி உயர்த்தினார்கள். விளைவாகச் சந்தின் மட்டம் கூடத்துத் தரையின் மட்டத்துக்கு அரையடி கீழே மட்டும் நின்றது. தளத்தின் சரிவும் தெருவை நோக்கி இல்லாமல் சுவரை நோக்கி இருந்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலர் துறைகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தியது இத்தகைய வீடுகளின் நிலையைக் கருதித்தான். ஆனால் ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தெருவை எந்த வீட்டுக்காரரும் தாழ்த்த முடியாது. தம் சந்தைத்தான் சரிசெய்ய முடியும்.

ஈரத்தின் வழியைத் தேடியது

சுவர் நனைவதற்குக் காரணங்கள் பல. கூரை ஒழுகலாம், சுவருக்குள் புதைத்த குழாய் கசியலாம், அடுத்த அறைக் குளியலறையிலிருந்து நீர் ஊறலாம், வெளிச்சுவர் விரிசலில் சாரல் புகலாம், நிலத்திலிருந்து ஏறலாம். காரணத்தைப் பிரித்தறியாமல் பரிகாரம் தொடங்குவது காசைக் கரியாக்கும் வேலை என்பதால், சில வாரங்கள் இதற்கே ஒதுக்கப்பட்டன.

கறையின் வடிவமே முதல் தடயம். கூரையிலிருந்து வரும் நீர் மேலே அகன்றும் கீழே குறுகியும் இறங்கும். குழாய்க் கசிவு ஓரிடத்தை மையமாகக் கொண்டு வட்டமாகப் பரவும், மழை இல்லாத மாதங்களிலும் ஒரே அளவில் இருக்கும். இங்கே இருந்ததோ சுவரின் முழு நீளத்துக்கும் ஏறக்குறைய சமமட்டமாக ஓடிய கோடு. கீழே அடர்ந்தும் மேலே மெலிந்தும் காணப்பட்ட அந்தக் கறையின் மேல் விளிம்பில் வெள்ளை உப்பு வரிசையாகப் படிந்திருந்தது. அது நிலத்து ஓதத்தின் கையெழுத்து. இருந்தாலும் குழாயை விட்டுவிட மனமில்லாமல், ஓரிரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவைத்துக் காலையில் பார்த்தபோது அது இறங்கியிருக்கவில்லை.

அடுத்தது பிளாஸ்டிக் தாள் சோதனை. ஒன்றரையடிச் சதுரமான தடித்த பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரோடு காற்றுப் புகாமல் பொருத்தி, ஒரு பகலும் ஓரிரவும் விட்டு எடுக்க வேண்டும். தாளின் வெளிமுகத்தில் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்; சுவர்ப் பக்கமாகக் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. இங்கே உள்முகத்தில்தான் துளிகள் நின்றன.

மிகவும் பயன்பட்ட சோதனைக்குச் சமையலறைத் தராசு ஒன்றே போதுமானதாக இருந்தது. சுவரின் ஒரு மூலையில் அரையடி, இரண்டடி, மூன்றரையடி, ஐந்தடி உயரங்களில் உளியால் சிறு காரைத் துண்டுகளைப் பெயர்த்து, உடனே மூடியுள்ள டப்பாக்களில் இட்டு எடைபோட்டு, பின்னர் அவற்றை உணவுக்குப் பயன்படாத பழைய தோசைக்கல்லில் மெல்லிய தீயில் காயவைத்து மறுபடி எடைபோட்டோம். துளைப்பான் கொண்டு தூளெடுத்தால் அதன் சூட்டிலேயே ஈரம் போய்விடும் என்பதால் உளி. கீழ்த்துண்டு கணிசமாக எடை இழந்தது, மேலே போகப் போக இழப்பு குறைந்தது, ஐந்தடித் துண்டில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மூன்றரையடித் துண்டு, இரண்டடித் துண்டுக்கு நிகராக எடை இழந்தது. நீர் மட்டுமே காரணமாக இருந்தால் இது நடந்திருக்கக் கூடாது.

அந்த முரணுக்கு விடை உப்பு. மேலேறும் நீரில் நிலத்து உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் ஆவியாகும் இடத்தில் அவை தங்கிவிடுகின்றன. பல்லாண்டுகள் நடந்தால் ஈரக்கோட்டின் மேல் விளிம்பு ஓர் உப்பளமாகிவிடும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நாகப்பட்டினத்துக் கடற்கரைக் காற்று அந்த அளவைத் தாண்டுவது அரிதன்று. மழையே இல்லாத மூடாக்கு நாளில் சுவர் ஏன் வியர்க்கிறது என்று அந்த அம்மா நெடுநாளாகக் கேட்டுவந்த கேள்விக்கும் இதுவே விடை. இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் விளங்கும்: கீழிருந்து வரும் நீரை முழுவதும் நிறுத்தினாலும், உப்பேறிய பழைய பூச்சு சுவரில் இருக்கும் வரை சுவர் ஈரமாகவே இருக்கும்.

பூச்சை உடைப்பதும் இதே உப்பின் வேலைதான். குறிப்பாகச் செங்கல்லிலிருந்தும் சிமெண்டிலிருந்தும் வரக் கூடிய சோடியம் சல்பேட், சுமார் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது, நீரற்ற நிலையில் இருந்ததைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கோடையில் பகலும் இரவும் அந்த எல்லையைக் கடந்து கடந்து வரும் ஊரில், நுண்துளைக்குள் சிக்கிய படிகம் பட்டியைத் தள்ளி வெளியேற்றுவதற்குப் பலம் போதாமல் இருக்காது. சுவரில் பூத்திருப்பது கரையும் உப்பா, வெறும் சுண்ணாம்புப் படிவா என்று அறிய, சிறிது சுரண்டி வெந்நீரில் இட்டால் போதும். உப்பானால் கரைந்துவிடும், சுண்ணாம்புப் படிவு கரையாது, எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். இங்கே கரைந்தது.

வெளியே செய்த வேலை

உள்ளே ஓர் உளியடி விழுவதற்கு முன், சந்தில் வேலை தொடங்கியது. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சிமெண்ட் தளத்தை உடைத்து எடுத்து, முக்காலடி ஆழத்துக்கு மண்ணை அகற்றி, அந்தப் பள்ளத்தில் ஜல்லி நிரப்பப்பட்டது. பழைய வீடுகளின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பது வீட்டாருக்கே தெரியாது. ஆழமாகத் தோண்டினால் அடிமண் நெகிழ்ந்து சுவர் விரியக் கூடும். அதனால் முதலில் ஓரிடத்தில் மட்டும் சோதித்து, அடிக்கட்டு தொடங்கும் மட்டத்துக்கு மேலேயே நின்றுகொண்டோம். நீளம் முழுவதையும் ஒரே நாளில் திறக்காமல், பகுதி பகுதியாகத் திறந்து நிரப்பியதும் இதே அச்சத்தால்தான். பள்ளத்தின் அடி, தெருப்பக்கச் சாக்கடையை நோக்கி மெல்லச் சரியும்படி ரசமட்டம் வைத்துப் பார்க்கப்பட்டது.

ஜல்லி செய்யும் வேலை எளியது. தேங்கும் நீர் சுவரைத் தொடாமல் கீழே இறங்கி ஓடிவிடுகிறது. அதோடு, இதுவரை தளத்தால் மூடப்பட்டிருந்த சுவரின் அடிப்பகுதிக்குக் காற்று கிடைக்கிறது. மிச்சத் தளத்தின் மேல் புதிய சாந்து போட்டுச் சரிவைத் திருப்பும் வேலை மட்டும் கொத்தனாரிடம் விடப்பட்டது. இறவாரத்து விளிம்பில் பிவிசி வாய்க்கால் பொருத்தி, ஓட்டிலிருந்து கொட்டும் நீரைக் குழாய் வழியே இறக்கியதையும், சுவரோடு அடுக்கியிருந்த பூந்தொட்டிகளை எதிர்ப்பக்கம் மாற்றியதையும் சேர்த்துக்கொண்டால், வெளிவேலை முடிந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு ஜல்லிக்கும் இடிபாட்டை அள்ளிக்கொண்டுபோன வண்டிக்கும்தான்.

சுவரின் அடியில் துளையிட்டு நீர்விலக்கும் சிலேன் களிம்பைச் செலுத்தித் தடுப்படுக்கு உண்டாக்கும் முறையும் பேசப்பட்டது. அதற்குக் காரை இணைப்பில் 12 மில்லிமீட்டர் துளைகளை 12 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் வரிசையாக இட வேண்டும். ஒழுங்கான செங்கல் வரிசையும் நிறைந்த இணைப்பும் உள்ள சுவரில் அது நன்றாகவே வேலை செய்யும். இந்தச் சுவரின் உள்ளே உடைகல்லும் வெற்றிடமும் இருப்பது பெயர்த்த இடங்களில் தெரிந்தது. அப்படிப்பட்ட சுவரில் களிம்பு தொடர்ச்சியான அடுக்காகப் பரவும் என்று நம்புவதற்கு இடமில்லை. எளிய வேலையின் பலனைப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்யலாம் என்று ஒதுக்கிவைத்தோம்.

உடைத்தலும் உலர்த்தலும்

மாசியில் உட்பூச்சை அகற்றும் வேலை தொடங்கியது. அந்தச் சுவரில் கீழ்மட்ட மின்செருகி ஒன்று இருந்ததால், முதலில் மின்பணியாளர் வந்து இணைப்பைத் துண்டித்து, பெட்டியைக் கழற்றி, கம்பிகள் செல்லும் தடத்தைச் சாக்பீசால் வரைந்து கொடுத்தார். இதை வீட்டார் தாங்களே செய்வதற்கு நான் ஒப்பவில்லை. ஈரச் சுவருக்குள் எந்தக் கம்பியின் உறை எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

சுத்தியலும் உளியும் கொண்டு, ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரையடி வரை சிமெண்ட் பூச்சு முழுவதும் பெயர்க்கப்பட்டது. உளியைச் சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்தால் மிருதுவான பழைய செங்கல் முகம் சேர்ந்து பெயரும்; சாய்த்துப் பிடித்து, பூச்சுக்கும் கல்லுக்கும் இடையே நுழைத்து நெம்ப வேண்டும். கல் இணைப்புகளில் நைந்திருந்த காரை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டப்பட்டது. முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பாகமாக, இருவருமே செய்தார்கள். உதிர்ந்ததை அன்றன்றே கோணியில் கட்டி வெளியேற்றியது தூய்மைக்காக மட்டுமன்று. உப்புக் காரை தரையில் கிடந்தால் அது மறுபடி சுவரடியிலேயே கரைந்து ஊறும்.

திறந்த சுவரைக் கண்டதும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம் என்று கை பரபரக்கும். கழுவினால் முகத்துக்கு வந்த உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த துடைப்பத்தாலும் கெட்டியான நார்ப் பிரஷாலும் தேய்த்து, விழுந்ததை முறத்தில் ஏந்தி அப்புறப்படுத்துவதே முறை. பங்குனியிலும் சித்திரையிலும் ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பூத்த உப்பு அவ்வாறு தட்டி எடுக்கப்பட்டது. மிக மோசமான இரண்டு இடங்களில் மட்டும், அச்சிடாத காகிதத்தைக் குடிநீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை அங்குலக் கனத்தில் அப்பி, தானே காய்ந்து உரியும் வரை விடப்பட்டது. கூழின் நீர் முதலில் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கிறது. காயும்போது அந்நீர் கூழின் முகம் வழியே வெளியேறுவதால், உப்பு சுவரை விட்டுக் கூழில் தங்குகிறது. இதற்கு ஆழ்குழாயின் உவர்நீரைப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

சுவர் உலர்வதற்கு எவ்வளவு காலம் என்பதற்குக் கட்டுமானத்தில் வழங்கும் தோராயக் கணக்கு, கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது. அப்படியானால் 14 அங்குலச் சுவருக்கு ஓராண்டுக்கு மேல் வேண்டும்; இடையில் ஒரு மழைக்காலமும் வந்துவிடும். எமல்ஷன்தான் அடிப்பது என்றால் அவ்வளவு காலமும் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையும் ஈரத்தை ஊடுருவவிடுபவை என்பதால், சுவர் முழுவதும் உலர்வதற்கு முன்னமேயே பூசலாம். உலர்தல் அவற்றின் ஊடாகத் தொடரும். பழைய முறைக்குத் திரும்பியதற்கு இதுவே காரணம். மரபு என்பதற்காக அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆடிக்காற்று முடியும் வரை சன்னல்களைத் திறந்துவைத்து, ஆவணியில் பூசுவது என்று நாள் குறிக்கப்பட்டது.

அந்த இடைக்காலத்தில் சன்னல் கதவுகளின் பழைய எனாமலைச் சரிசெய்ய வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகக் கூடாது என்னும் இந்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையானது. அதற்கு முந்தைய பளபளப்பான எனாமல்களில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசி, விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். எனவே நீர்த்தாளை நனைத்து நனைத்து, உரியும் இடங்களை மட்டும் தேய்த்து, நன்றாக ஒட்டியிருந்ததைத் தொடாமல் அதன் மேலேயே புதிய எனாமல் அடிக்கப்பட்டது.

பூச்சும் வெள்ளையும்

கடற்கரை ஊர் என்பதால் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தது. சுட்ட கிளிஞ்சலைத் தடித்த பிளாஸ்டிக் பீப்பாய்த் தண்ணீரில் சிறிது சிறிதாக இட்டு நீற்ற வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக் கூடிய காரத்தன்மை உடையது; பட்டுவிட்டால் நீண்ட நேரம் தொடர்ந்து நீரால் கழுவியபடியே மருத்துவரிடம் போக வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் பொருள்தானே என்னும் அலட்சியம் இந்த இடத்தில் கூடாது. சித்திரையில் நீற்றி, மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்த சுண்ணாம்பு, ஆவணிக்குள் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்திருந்தது.

கலவை, சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கற்பொடியான சுர்க்கி ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளப்பட்டது. தூய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். ஈரமான சுவரில் அது மிகவும் மெதுவாக நடக்கும். நன்கு அரைத்த சுர்க்கி சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுக உதவுகிறது. மணலுக்குப் பூச்சுவேலைக்கென்று விற்கும் கழுவிய பி-சாண்ட் வாங்கப்பட்டது. கடற்கரை மணல் இலவசம் என்று ஆசைப்பட்டால், இத்தனை மாதம் தட்டி எடுத்த உப்பை மறுபடி சுவரில் பூசியதாகிவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்க்கலாமே என்று அக்கம்பக்கத்தார் ஆர்வமாகச் சொன்னார்கள். இவ்வளவு சிறிய பரப்புக்கு அந்த ஏற்பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பூசும் வேலையில் பெரும்பகுதியைக் கொத்தனார் செய்தார், மின்செருகியைச் சுற்றிய சிறு பகுதிகளை வீட்டுக்காரரே கரணையும் மணியாஸ் கட்டையும் பிடித்துப் பழகிச் செய்தார். கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்த செய்தி, பூச்சு சீக்கிரம் இறுகுவதற்காக மேலே சிமெண்டைத் தூவித் தேய்க்கக் கூடாது என்பது. சிமெண்டிலேயே கைப்பழக்கம் பெற்றவர்களுக்கு அது அனிச்சையாக வந்துவிடுகிறது. அந்த மெல்லிய படலம் ஒன்றே சுவரின் மூச்சை மறுபடி அடைத்துவிடும். சுவரைத் தெளித்து நனைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் முதல் அடுக்கு, அது கெட்டிப்பட்டபின் மெல்லிய இரண்டாம் அடுக்கு. இரண்டும் நேர்வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பதமாகக் காயவைக்கப்பட்டன. பூச்சைத் தரை வரை இறக்காமல் ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தியது, தரை துடைக்கும் நீர் பூச்சில் ஏறாமல் இருப்பதற்காக. பார்ப்பதற்குச் சுவரடியில் ஒரு நிழல்கோடுபோல இருக்கும் அந்த இடைவெளியை அந்த அம்மா முதலில் விரும்பவில்லை, காரணம் சொன்னபின் இருக்கட்டும் என்றார்.

இனி அலங்காரம். சுவரின் மேற்பகுதியில் நல்ல நிலையில் இருந்த எமல்ஷனை நீக்கத் தேவையில்லை. ஆனால் எமல்ஷன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. ஆகவே கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்னும் பழைய வீட்டு வழக்கமே தீர்வாயிற்று. கீழ்ப்பகுதிக்கு மஞ்சள் காவி தேர்ந்தெடுக்கப்பட்டது. மண்ணிலிருந்து கிடைக்கும் காவி நிறங்கள் இரும்பு ஆக்சைடுகள் என்பதால் சுண்ணாம்பின் காரத்தில் வெளுக்காது; கடையில் விற்கும் எல்லா ஸ்டெயினரும் அப்படித் தாங்குவதில்லை. ஈரமாக இருக்கும்போது அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்தால் பாதிக்கும் மேல் வெளிறிவிடும் என்பதால், வெவ்வேறு அளவுகளில் கலந்து, மீந்த பூச்சு தடவிய பலகையில் அடித்துக் காயவைத்துப் பார்த்தே அளவு முடிவாயிற்று.

நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, வேட்டித்துணியில் வடிகட்டி, ஒவ்வொரு முறையும் சுவரில் தண்ணீர் தெளித்தபின் மட்டையால் அடிக்க வேண்டும். முதல் கோட்டிங் அடித்தவுடன் ஒன்றுமே அடிக்காததுபோலத் தோன்றும். அதைக் கண்டு கெட்டியாகக் கரைத்தால் காய்ந்ததும் செதிலாக உதிரும். நாளைக்கு ஒன்றாக மெல்லிய ஐந்து கோட்டிங்குகளில் நிறம் நிறைந்தது. ஒட்டுவதற்காகப் பெவிகால் சேர்ப்பது இப்போது பரவலான பழக்கம். கையில் வெள்ளை ஒட்டுவதை அது குறைக்கும், சுவரின் துளைகளையும் அடைக்கும். கஞ்சி சேர்ப்பதும் உண்டு, ஈரச் சுவரில் அது பூஞ்சைக்கு உணவு. இரண்டையும் தவிர்த்ததால், சுவரில் சாய்ந்தால் சட்டையில் சிறிது காவி ஒட்டத்தான் செய்கிறது. இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் நூல் அடித்து, மரச்சட்டத்தை அணைகொடுத்து, செங்காவியில் ஓர் அங்குலப் பட்டை வரைந்தது அந்த அம்மாவின் கைவேலை. கோலம் போட்டுப் பழகிய கைக்கு மாஸ்கிங் டேப் தேவைப்படவில்லை.

மழைக்குப் பின்

வடகிழக்குப் பருவமழை கடந்து தை பிறந்தபோது சுவர் மறுபடி பார்வையிடப்பட்டது. தரையோரம் முக்காலடி உயரம் வரை நிறம் சற்றுக் கறுத்திருந்தது. அதற்கு மேல் கறையும் இல்லை, உதிர்வும் இல்லை. மூன்றரையடி உயரத்தில், முன்பு உப்பளமாக இருந்த பட்டையில், ஆங்காங்கே மெல்லிய வெள்ளைப் பூப்பு தெரிந்தது. சுவருக்குள் எஞ்சிய உப்பு புதிய பூச்சின் முகத்துக்கு வருவது எதிர்பார்த்ததே. இன்னும் சில கோடைகளுக்கு அதை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நாளடைவில் இந்தப் பூச்சே உப்பேறி நைந்தால், அதைப் பெயர்த்துவிட்டு மறுபடி பூசலாம். செங்கல்லுக்குப் பதிலாகத் தான் அழிவது சுண்ணாம்புப் பூச்சின் குறையன்று, அதன் பணி.

தெருப்பக்க மூலை மட்டும் தேறவில்லை. அங்கே சுவர் அடுத்த வீட்டுத் திண்ணையோடு ஒட்டியிருக்கிறது. திண்ணைக்கு அடியிலுள்ள மண் எப்போதும் ஈரமாக இருப்பதால், ஜல்லிப் பள்ளத்தை அதுவரை நீட்ட முடியவில்லை. அந்த மூலையில் இரண்டடி வரை ஓதம் நிற்கிறது, பூச்சு இன்னும் பெயரவில்லை. அங்கிருந்த மர அலமாரியை நகர்த்தி, சுவருக்கும் அதற்கும் இடையே இரண்டு அங்குலம் காற்றோட இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். கரையான் அரிக்கத் தொடங்கியிருந்த அதன் பின்பலகை மாற்றப்பட்டுவிட்டது.

வெள்ளையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு கோட்டிங் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கான சுண்ணாம்பு பீப்பாயில் தண்ணீருக்கு அடியில் மீதம் இருக்கிறது. அடுத்த மாசியில் மூலைச் சுவரில் மறுபடி காரைத் துண்டுகளை எடுத்து அதே முறையில் எடைபோட்டு, அரையடி உயரத்துக்கும் இரண்டடி உயரத்துக்கும் உள்ள இழப்பை ஒப்பிட்ட பிறகே, அந்த ஆறடி நீளத்துக்கு மட்டும் சிலேன் களிம்பு செலுத்துவதா, அடுத்த வீட்டாரோடு பேசித் திண்ணையடியில் வடிகால் எடுப்பதா என்று முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.